இரும்புச் சிறுகோளுக்கு ஒரு பயணம்: உங்களுக்கு அதில் என்ன?

‘விண்வெளியில் ஒரு தங்க மலை மிதக்கிறது. அமெரிக்கா அதை எடுத்து வர ராக்கெட் அனுப்பிவிட்டது. பங்கு போட்டால் உலகத்தில் ஆளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கிடைக்கும்.’ இப்படி ஒரு செய்தி உங்கள் கைபேசிக்கு எப்போதாவது வந்திருக்கும். படித்தவுடன் எழும் முதல் கேள்வி, தங்கம் விலை குறையுமா என்பதுதான். மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிற வீட்டில் அது நியாயமான கேள்வி. அதற்கும், அதை ஒட்டி வரும் மற்றச் சந்தேகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: குறையாது. போயிருக்கும் விண்கலம் எதையும் எடுத்து வராது. அது தரையிறங்கவும் போவதில்லை. மேலே சுற்றிவந்து படம் எடுக்கும், அளக்கும், தகவல் அனுப்பும்.

சரி, அந்த ‘மலை’ என்பது என்ன? அதன் பெயர் சைக்கி. அது ஒரு சிறுகோள் (கோள் அளவுக்கு வளராமல் சூரியனைச் சுற்றிவரும் பாறை அல்லது உலோகத் துண்டு). செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இப்படி லட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. அந்தப் பகுதிக்குச் சிறுகோள் பட்டை என்று பெயர். 1852 மார்ச் 17 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அன்னிபாலே தெ காஸ்பாரிஸ் என்ற வானியலாளர் சைக்கியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த வரிசையில் அது பதினாறாவது. அதனால்தான் சில இடங்களில் ‘16 சைக்கி’ என்று எழுதுகிறார்கள்.

அதன் அகலம், மிக அகலமான இடத்தில், சுமார் 280 கிலோமீட்டர். முழு உருண்டை என்று சொல்ல முடியாது; ஒரு பக்கம் நீண்டு, இன்னொரு பக்கம் அமுங்கிய வடிவம். 4 மணி 12 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. சூரியனை ஒருமுறை சுற்றிவர நம் கணக்கில் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

யாருமே போகாத இடத்தில் உலோகம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? இதைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. பூமியிலிருந்து ரேடார் அலையை அனுப்பினால் பாறையில் பட்டு மங்கலாகத் திரும்பும். உலோகத்தில் பட்டால் பலமாகத் திரும்பும். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பிய அலைகள் சைக்கியிலிருந்து பலமாகத் திரும்பி வந்தன. அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் விதமும், வெப்பத்தை வாங்கி விடும் விதமும் உலோகத்தையே காட்டின.

ஆனால் எவ்வளவு உலோகம் என்பதில் கணக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உலோகம் என்றே பலர் எண்ணினார்கள். பிறகு அதன் அடர்த்தியை (குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதை) இன்னும் துல்லியமாகக் கணித்தார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 4 கிராம் அளவில்தான் வந்தது. கெட்டி இரும்பானால் கிட்டத்தட்ட 8 கிராம் இருக்க வேண்டும். ஆக, உள்ளே நிறைய ஓட்டை இருக்க வேண்டும், அல்லது பாறை கலந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும். இப்போது ஆய்வாளர்கள் சொல்லும் மதிப்பு, கன அளவில் 30 முதல் 60 சதவீதம் வரை உலோகம் என்பது. உலோகம் என்றால் பெரும்பாலும் இரும்பு, கொஞ்சம் நிக்கல்.

தங்கம் எங்கே என்கிறீர்களா? இரும்பு விண்கற்களை (வானிலிருந்து பூமியில் விழுந்த கற்களை) ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் தங்கம் உண்டு. டன்னுக்கு ஒரு கிராம் என்கிற மாதிரியான அளவில். பூமியின் சுரங்கங்களிலும் டன்னுக்குச் சில கிராம் தங்கம் உள்ள தாதுவைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். அதற்காக யாரும் 20 கோடி கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பிரம்மாண்டமான தொகை எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தின் தலைமை அறிவியலாளர் லிண்டி எல்கின்ஸ்-டான்டன். சைக்கியில் உள்ள இரும்பை இன்றைய சந்தை விலைக்கு விற்றால் எவ்வளவு வரும் என்று அவர் ஒரு பேட்டியில் கணக்குப் போட்டுச் சொன்னார். நம் எண் வழக்கில் அது ஒரு கோடி லட்சம் கோடி டாலர். 1-க்குப் பின் 19 பூஜ்யம். அந்தக் கணக்கு முழுக்க இரும்புக்கானது. ‘தங்கம்’ பிறகு மற்றவர்கள் சேர்த்துக்கொண்டது. அவர் அதைக் கற்பனைக் கணக்காகத்தான் சொன்னார் என்பதும் செய்தி பரவும்போது உதிர்ந்துபோயிற்று.

அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். முதலாவது விலை. ஒரு பொருள் அரிதாக இருக்கும் வரைதான் அதற்கு விலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அலுமினியம் தங்கத்துக்கு நிகரான ஆடம்பரப் பொருளாக இருந்தது. 1886இல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழி கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது. இன்று அதில் சோற்றுப் பானை செய்கிறோம். இரும்போ இப்போதே மலிவு. உலகம் ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் எஃகு செய்கிறது. அதன் மேல் சைக்கி அளவு இரும்பைக் கொட்டினால் இரும்புக்கு விலையே இருக்காது. ஆளுக்கு நூறு கோடி டாலர் யாருக்கும் வராது. இரும்பை நம்பிப் பிழைக்கும் ஊர்கள்தான் வேலையில்லாமல் தவிக்கும்.

இரண்டாவது ஓட்டை, கொண்டுவரும் செலவு. இதற்கு உண்மையான கணக்கே இருக்கிறது. பென்னு என்ற சிறுகோள் பூமிக்குப் பக்கத்தில் வந்துபோகிறது. அதில் ஒரு பிடி மண்ணை அள்ளிவர 2016இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் என்ற விண்கலத்தை நாசா அனுப்பியது. 2023 செப்டம்பரில் அது கொண்டுவந்து இறக்கியது 121.6 கிராம். செலவு 100 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராமுக்கு 80 லட்சம் டாலருக்குக் குறையவில்லை. அது ஆராய்ச்சிக்காகக் கொடுத்த விலை. அந்த மண் அதற்குத் தகுதியானதுதான். ஆனால் அந்த விலையில் எந்த உலோகத்தையும் வியாபாரம் செய்ய முடியாது. சைக்கியோ பென்னுவைவிடப் பன்மடங்கு தொலைவு.

இங்கே உங்கள் பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சிறுகோள் சுரங்கத்தில் முதலீடு, விண்வெளித் தங்கக் காசு, முன்பதிவு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. நேர்மையாக முயன்ற நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. பெரிய பணக்காரர்களின் ஆதரவோடு 2012இல் அறிவிக்கப்பட்ட பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற நிறுவனம் 2018இல் வேறொருவர் கைக்குப் போய், சிறுகோள் சுரங்க வேலையும் நின்றது. ஆஸ்ட்ரோஃபோர்ஜ் என்ற நிறுவனம் 2025 பிப்ரவரியில் ஒரு சிறிய விண்கலத்தை அனுப்பியது. கிளம்பிய சில நாட்களில் தொடர்பு அறுந்தது. முயல்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஓய்வூதியப் பணத்தையும் மகளிர் குழுச் சேமிப்பையும் போடும் இடம் அதுவல்ல என்றுதான் சொல்கிறேன்.

சைக்கி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் வரும். யாருக்கும் இல்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின்படி எந்த நாடும் ஒரு வான்பொருளைத் தன் நிலமாக்கிக்கொள்ள முடியாது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள். ஆனால் வெட்டி எடுத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தமா என்பதில் உலகம் ஒரே கருத்தில் இல்லை. அமெரிக்கா 2015இலும் லக்சம்பர்க் 2017இலும் சொந்தம் என்று சட்டம் போட்டுவிட்டன. இந்தத் தகராறு நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் சூடுபிடிக்கலாம்.

‘இவ்வளவு பெரிய இரும்பு, நம் மேல் வந்து விழுமா?’ விழாது. சைக்கியின் பாதை சூரியனிலிருந்து 37 கோடி கிலோமீட்டருக்கும் 50 கோடி கிலோமீட்டருக்கும் இடைப்பட்டது. பூமி இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். இரண்டும் எவ்வளவு நெருங்கினாலும் நடுவில் 20 கோடி கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். விண்கலம் அதைத் தள்ளிவிடவும் முடியாது. மூன்று டன்னுக்கும் குறைவான கலம், 280 கிலோமீட்டர் சிறுகோளை அசைக்காது.

தங்கமும் இல்லை, எடுத்துவரவும் போவதில்லை என்றால், எதற்காகப் போகிறார்கள்? என் பார்வையில் இந்தப் பயணத்தின் முழு அருமையும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. நம் காலுக்குக் கீழே இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் போகிறார்கள்.

விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும்? பதர் மேலே மிதக்கும், கனத்த நெல் அடியில் தங்கும். பூமி பிறந்த புதிதில் உருகிய குழம்பாக இருந்தபோது இதுதான் நடந்தது. கனமான இரும்பும் நிக்கலும் நடுவில் போய்ச் சேர்ந்தன. லேசான பாறை மேலே நின்றது. நடுவில் சேர்ந்ததற்குக் கருவம் (கோளின் மையத்தில் உள்ள உலோகப் பகுதி) என்று பெயர். நம் கருவம் தரையிலிருந்து 2,900 கிலோமீட்டர் கீழே தொடங்குகிறது. மனிதர் இதுவரை போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதன் ஆழம் 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதற்கு மேல் துளைக்கும் கருவி வெப்பத்தைத் தாங்கவில்லை. கருவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, நிலநடுக்க அலைகள் பூமிக்குள் வளைந்து போகும் விதத்தை வைத்துக் கணித்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

இப்போது சைக்கிக்கு வருவோம். சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், குட்டிக் கோள்கள் பல உருவாகி ஒன்றோடொன்று மோதின. அப்படி ஒரு குட்டிக் கோள் பலமுறை அடிபட்டு, மேல் பாறையெல்லாம் பெயர்ந்து, உள்ளே இருந்த உலோகக் கருவம் மட்டும் மிஞ்சியிருந்தால்? அந்த மிச்சம்தான் சைக்கியாக இருக்கலாம் என்பது இந்தப் பயணத்துக்கு அடிப்படையான ஊகம். அது சரியானால், பூமியைத் துளைத்துப் பார்க்க முடியாததை வானத்தில் திறந்த நிலையில் பார்க்கலாம்.

கருவத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? உங்கள் உயிரே அதோடு கட்டப்பட்டிருக்கிறது. பூமியின் கருவத்தில் வெளிப்பகுதி இன்னும் உருகிய இரும்பாகவே இருக்கிறது. அது சுழன்று ஓடுவதால் காந்தப் புலம் (காந்தத்தின் விசை எட்டும் பரப்பு) உண்டாகிறது. திசைகாட்டி முள் வடக்கு நோக்குவது அதனால்தான். சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் மின்னேற்றம் பெற்ற துகள்களை அந்தப் புலம் தடுத்துத் திருப்புகிறது. செவ்வாய்க்கும் ஒருகாலத்தில் அப்படி ஒரு புலம் இருந்தது, அது அணைந்தது, இன்று அங்கே காற்று மெலிந்து கிடக்கிறது. கருவம் எப்படி உருவாகிறது, எப்படிக் குளிர்கிறது, காந்தம் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்ற கேள்விகள் பூமியில் உயிர் நீடித்ததற்கான காரணத்தைத் தேடும் கேள்விகளே.

நகை பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதோடு தொடர்புள்ள ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரும்பு கீழே இறங்கியபோது, இரும்போடு ஒட்டும் குணமுள்ள தங்கத்தையும் பிளாட்டினத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூமியில் உள்ள தங்கத்தில் மிகப் பெரும்பங்கு நம் கைக்கு எட்டாத கருவத்தில்தான் இருக்கிறது. மேலே சுரங்கங்களில் கிடைப்பது, பின்னால் விழுந்த விண்கற்கள் கொண்டுவந்ததாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் கழுத்துச் சங்கிலியில் உள்ள தங்கம் வானத்திலிருந்து ஏற்கெனவே வந்துசேர்ந்ததாக இருக்கலாம்.

சைக்கி ஒரு கருவம் என்பது உறுதியா? இல்லை. அடர்த்தி குறைவாக வந்ததே அந்த ஊகத்தை அசைத்துவிட்டது. அது என்றுமே உருகாமல், சூரியனுக்குப் பக்கத்தில் உலோகம் மிகுந்த தூசியிலிருந்து நேரடியாக உருவானதாகவும் இருக்கலாம். குளிரும்போது வெளி ஓடு முதலில் இறுகி, உள்ளே இருந்த உருகிய இரும்பு வெடிப்புகள் வழியே எரிமலைபோல் வெளியே பீய்ச்சியிருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சிலின் (ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த துணுக்கின்) அடையாளத்தைக் கண்டது. நீர்ச்சத்துள்ள வேறு சிறுகோள்கள் அதன் மேல் மோதி விட்டுச் சென்றதாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இத்தனை விளக்கங்கள் இருப்பதே நேரில் போய்ப் பார்க்க வேண்டியதற்குக் காரணம்.

இனிப் பயணத்தைப் பார்ப்போம். சைக்கி என்ற அதே பெயர் கொண்ட விண்கலம் 2023 அக்டோபர் 13 அன்று புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்திலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் கிளம்பியது. 2026 மே மாதம் செவ்வாய்க்கு அருகே கடந்து, அதன் ஈர்ப்பால் வேகம் பெற்று, 2029 ஆகஸ்டில் சைக்கியைச் சென்றடைவது திட்டம். மொத்தப் பாதை 360 கோடி கிலோமீட்டர்.

ஆறு ஆண்டா என்று மலைக்காதீர்கள். அது எரிபொருளை எரித்துக்கொண்டு போகவில்லை. சூரிய மின்சாரத்தால் போகிறது. கிளம்பும்போது அதில் 1,085 கிலோ செனான் வாயு இருந்தது. சூரியத் தகடுகளின் மின்சாரம் அந்த வாயு அணுக்களை மின்னேற்றம் பெறச் செய்து, மிகுந்த வேகத்தில் பின்பக்கம் தள்ளுகிறது. கலம் முன்னே நகர்கிறது. இதைச் செய்யும் கருவிக்கு உந்தி (விண்கலத்தைத் தள்ளும் எஞ்சின்) என்று பெயர். மொத்தம் நான்கு உந்திகள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். அது தரும் விசை, உங்கள் உள்ளங்கையில் 25 கிராம் எடை வைத்தால் உணரும் அளவுதான். ஆனால் தடுக்கக் காற்று இல்லாத இடத்தில் அந்தச் சிறு தள்ளல் மாதக்கணக்கில் நிற்காமல் தொடர்வதால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. சாதாரண எரிபொருளானால் பல மடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருக்கும்.

தகடுகள் பூமிக்கு அருகில் 20 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் தரும். சைக்கிக்கு அருகில் வெளிச்சம் மங்கிவிடுவதால் 2 கிலோவாட் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தில் அந்தக் கலம் முழுவதும் இயங்கியாக வேண்டும்.

இந்த வகை உந்தியால் உங்களுக்கு நேரடியாகவே பயன் உண்டு. தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல, தம் இடத்திலிருந்து நழுவாமல் நிற்க இதையே பயன்படுத்துகின்றன. இஸ்ரோ 2017இல் அனுப்பிய ஜிசாட்-9 செயற்கைக்கோளிலும் செனான் மின் உந்திகள் இருந்தன. எரிபொருள் எடை குறைந்தால் செயற்கைக்கோளின் ஆயுள் கூடும், அல்லது ஏவும் செலவு குறையும். மின் உந்திகளில் ‘ஹால் உந்தி’ என்ற இந்த வகை நிலாவைத் தாண்டி வேலை செய்வது சைக்கி பயணத்தில்தான் முதல்முறை. அங்கே பல ஆண்டுகள் உழைத்துக் கிடைக்கும் அனுபவம் இங்கே உள்ள வடிவமைப்பாளர்களுக்கும் பாடம்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்றா என்றால், இல்லை. முதலில் 2022 ஆகஸ்டில் கிளம்ப வேண்டியது. கலத்தை வழிநடத்தும் மென்பொருளைச் சோதித்து முடிக்க நேரம் போதவில்லை. ஓராண்டுத் தாமதம்தானே என்று தோன்றும். ஆனால் கோள்கள் நிற்கும் நிலை மாறிவிட்டதால், 2026இல் போய்ச் சேர வேண்டியது 2029 ஆயிற்று. நாசா அமைத்த சுதந்திரமான குழு ஒன்று விசாரித்து, பணியை நிர்வகித்த ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் ஆள் பற்றாக்குறையும் வேலைப் பளுவும் இருந்ததை வெளிப்படையாக எழுதியது. அதன் விளைவாக வெள்ளிக் கோளுக்குப் போகவிருந்த வெரிட்டாஸ் என்ற வேறொரு திட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. சைக்கியின் மொத்தச் செலவு சுமார் 120 கோடி டாலருக்கு ஏறியது. தவறை மூடி மறைக்காமல் அறிக்கையாகப் போட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வரிப்பணத்தில் நடக்கும் வேலை அப்படித்தான் இருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் இன்னொரு சிக்கல். செனான் வாயு போகும் குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தது. கலம் தானாகவே உந்தியை நிறுத்திக்கொண்டது. ஒரு வால்வு சரியாக வேலை செய்யவில்லை. பொறியாளர்கள் அவசரப்படவில்லை. மாற்றுக் குழாய் ஒன்று ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றி, ஜூனுக்குள் உந்தியை மறுபடி ஓட்டிவிட்டார்கள். சைக்கியை அடையும் நாள் மாறவில்லை.

வழியிலேயே இந்தக் கலம் செய்துமுடித்த ஒரு சோதனை, வருங்காலத்தில் எல்லோரையும் தொடக்கூடியது: லேசர் வழியாகத் தகவல் அனுப்புவது. இதுவரை தொலைதூர விண்கலங்கள் ரேடியோ அலையில்தான் பேசின. ஒரு நல்ல படம் வந்துசேரவே வெகுநேரம் பிடிக்கும். 2023 டிசம்பர் 11 அன்று, 3.1 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து, டேட்டர்ஸ் என்ற பூனை ஒளிப்புள்ளியைத் துரத்தும் காணொளியைச் சைக்கி கலம் லேசரில் அனுப்பியது. ஒளி வந்துசேர 101 நொடி. வேகம் நொடிக்கு 267 மெகாபிட். பல வீடுகளின் இணைய இணைப்பைவிட அதிகம். 2024 டிசம்பரில் 49 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் இணைப்புக் கிடைத்தது.

அதனால் உங்கள் வீட்டு இணையம் வேகமாகிவிடுமா? ஆகாது. இது விண்வெளிக்கான ஏற்பாடு. மேகம் மறைத்தால் லேசர் தடைப்படும் என்பதால் ரேடியோவும் கூடவே இருக்கும். ஆனால் நாளை செவ்வாய்க்கு மனிதர் போனால், அங்கிருந்து அவர்கள் முகத்தைத் தெளிவான காணொளியில் பார்ப்பதற்கும், ஒரு மருத்துவர் அவர்களின் ஸ்கேன் படத்தைப் பூமியிலிருந்து பார்த்துச் சொல்வதற்கும் இதுதான் வழி.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும்? சுமார் 26 மாதங்கள் சுற்றிவரும். தொடக்கத்தில் 700 கிலோமீட்டர் உயரம். பின்பு படிப்படியாகக் கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் 75 கிலோமீட்டர் வரை. இரண்டு கேமராக்கள் மேற்பரப்பைப் படமெடுக்கும். காந்தமானி (காந்தப் புலத்தை அளக்கும் கருவி) பழைய காந்தத்தின் சுவடு இருக்கிறதா என்று தேடும். உருகிய கருவம் காந்தத்தோடு இறுகியிருந்தால், அந்தச் சுவடு இன்றும் பதிந்திருக்கும். அது கிடைத்தால் கருவம் என்ற ஊகத்துக்கு அதைவிடப் பலமான சான்று வேண்டாம். ரேடியோ சமிக்ஞையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை வைத்து, உள்ளே எங்கே கனம், எங்கே வெற்றிடம் என்று ஈர்ப்பு வரைபடம் போடுவார்கள்.

நான்காவது கருவிதான் எல்லோரும் கேட்கும் ‘என்ன இருக்கிறது’ என்பதற்குப் பதில் சொல்லும். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் சைக்கியின் மேற்பரப்பில் மோதும்போது காமா கதிர்களும் நியூட்ரான்களும் தெறிக்கும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய காமா கதிரை விடும். அதை எண்ணி, இரும்பு இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று சொல்லலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பின்தொடர விரும்பினால் செலவே இல்லை. நாசாவின் ‘ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம்’ என்ற இலவச இணையச் செயலியில் கலம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். வெறுங்கண்ணுக்குச் சைக்கி தெரியாது. சிறிய தொலைநோக்கியும் நட்சத்திர வரைபடமும் இருந்தால், அது வானில் சூரியனுக்கு எதிர்த்திசையில் வரும் மாதங்களில் ஒரு மங்கலான புள்ளியாகப் பிடிக்கலாம். அடுத்தடுத்த இரவுகளில் அது நகர்ந்திருப்பதைப் பார்த்தே இதுதான் என்று உறுதிசெய்துகொள்ளலாம். கேமராவிலிருந்து வரும் படங்களைத் தாமதமின்றிப் பொதுவில் வெளியிடுவதாகத் திட்டக் குழு சொல்லியிருக்கிறது.

படங்கள் வந்த முதல் மாதத்திலேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பள்ளங்களும் முகடுகளும் உடனே கண்ணில் படும். ஆனால் நிக்கல் எவ்வளவு என்ற எண் அப்படி வராது. தெறிக்கும் கதிர்கள் மிகக் கொஞ்சம். கலம் கீழே இறங்கி, ஒரே உயரத்தில் மாதக்கணக்கில் சுற்றி, ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்க்க வேண்டும். அந்த எண் 2030 வாக்கில்தான் கைக்கு வரும். சைக்கி ஒரு கோளின் கருவமா இல்லையா என்ற வழக்கில் காந்தமானியோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்லப்போவது அந்த எண்தான்.